மூன்று மாதமாகியும் யாரோடும் ஒட்டவில்லை என்றால்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. வகுப்புக் குழுவில் அறுபது பேர், விடுதி அறையில் இன்னொருவர். ஆனாலும் சாப்பிடப் போவது தனியாகத்தான். மற்றவர்கள் முதல் வாரத்திலேயே கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துவிட்டார்கள். அறைத் தோழரோடு பேச்சு குறைந்துகொண்டே போகிறது. ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரர் வாரா வாரம் “ரெக்கார்டு எழுதியாச்சா?” என்று கேட்கிறார், “ம்” என்று சொல்வதோடு சரி. என்னிடம் ஏதாவது குறையா, இதை எப்படிச் சரிசெய்வது? இதுதான் கேட்டிருப்பது.

குறை எதுவும் இல்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. பதினான்கு ஆண்டுகளாகக் கல்லூரி மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். முதலாண்டில் இதே கவலையோடு வருபவர்கள்தான் அதிகம். எப்போதும் நாலு பேர் சூழ நிற்பவர்கள்கூட, என் அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் இதைத்தான் சொல்கிறார்கள். சிலருக்கு நட்பு இயல்பாக வரும், சிலருக்கு வராது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான் பார்த்த வரையில் குணத்தைவிட நேரமும் இடமும்தான் பெரிய வேலை செய்கின்றன. ஒருவரை எத்தனை முறை பார்க்கிறோம், அவரோடு சும்மா எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். புதிதாகப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களிடமும் அண்மையில் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களிடமும் கேட்டு, அறிமுகம் நட்பாக மாற எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்தார். தெரிந்தவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம். நண்பர் என்று உறுதியாகச் சொல்ல 90 மணி நேரம் போல. நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். இதில் இன்னொன்றும் தெரியவந்தது. ஒரே வகுப்பில் இருந்த நேரமும் சேர்ந்து வேலை பார்த்த நேரமும் பெரிதாக உதவவில்லை. வேலை எதுவும் இல்லாமல் பேசிக்கொண்டிருந்த நேரம், சேர்ந்து விளையாடிய நேரம், இவைதான் ஆட்களை நெருக்கமாக்கின.

இப்போது உங்கள் நிலைமையை இதில் வைத்துப் பாருங்கள். ஒருவரோடு வாரத்துக்கு 4 மணி நேரம் அப்படிக் கழித்தாலும் 50-ஐத் தொட 12 வாரத்துக்கு மேல் ஆகும். உங்களுக்கு ஆகியிருப்பதே மூன்று மாதம்தான். யாரோடும் அந்த 4 மணி நேரத்தை நீங்கள் இன்னும் தொடங்கவே இல்லை. தாமதம் என்று வேண்டுமானால் சொல்லலாம், தோல்வி என்று எப்படிச் சொல்வது? முதல் வாரத்தில் சேர்ந்த அந்தக் கூட்டங்களும் பெரும்பாலும் பயத்தில் சேர்ந்தவைதான். தனியாக நிற்கக் கூடாது என்று கைக்குக் கிடைத்தவரைப் பிடித்துக்கொண்டது அது. இரண்டாம் பருவத்தில் அவை கலைந்து வேறு விதமாகச் சேர்வதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

அடுத்தது இடம். உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில் செய்த ஆய்வு 1950-இல் வெளியானது. யாருக்கு எந்த வீடு என்பதில் குடியிருந்தவர்களுக்குப் பெரிய தேர்வு இருக்கவில்லை. இருந்தும், யாரோடு அதிகம் பழகுகிறீர்கள் என்று கேட்டபோது தள்ளியிருந்த வீட்டுக்காரரைவிடப் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் அதிகம் சொன்னார்கள். படிக்கட்டுக்கு அருகில் இருந்தவர்களுக்கு மாடியிலும் நண்பர்கள் இருந்தார்கள். அவர்கள் கலகலப்பானவர்கள் என்பதால் இல்லை, போகிற வருகிறவர்கள் எல்லாம் அவர்கள் வாசலைக் கடந்தே போனார்கள் என்பதால். 1992-இல் மோர்லண்டும் பீச்சும் செய்த சோதனை இன்னும் எளிமையானது. ஒரு வகுப்புக்கு வந்து போக, ஒரே மாதிரித் தோற்றமுள்ள நான்கு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் ஒரு முறைகூட வரவில்லை, மற்றவர்கள் 5, 10, 15 முறை. யாரோடும் பேசக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பருவத்தின் முடிவில் மாணவர்களிடம் நான்கு பேரின் படங்களையும் காட்டினார்கள். அதிக முறை வந்தவரைத்தான் அதிகம் பிடித்திருந்தது. ஒரு சொல்கூடப் பேசாமலே!

அதனால் நான் முதலில் சொல்வது எப்போதும் இதுதான்: ஏதாவது ஒரு இடத்துக்கு, வாரத்தில் அதே நாளில், அதே நேரத்தில் போங்கள். விளையாட்டுத் திடலோ, நாடகக் குழுவோ, நூலகத்தில் ஒரு மூலையோ, எதுவானாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனை, குறைந்தது எட்டு வாரம் போக வேண்டும். இரண்டு முறை போய்விட்டு “யாரும் என்கிட்ட பேசல” என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். இரண்டாவது வாரத்தில் யாரும் பேசமாட்டார்கள். என்னிடம் வந்த ஒரு மாணவி தினமும் மாலை நூலகத்தில் ஒரே ஜன்னலோரம் உட்காருவார். எதிர் மேசையில் இன்னொரு பெண். மூன்று வாரம் வெறும் தலையசைப்பு. நான்காவது வாரம் எதிர் மேசைப் பெண் சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு, “அந்தப் பக்கம் பிளக் வேலை செய்யுதா?” என்று கேட்டார். செய்யவில்லை. இருவரும் சேர்ந்து வேலை செய்கிற பிளக்கைத் தேடிக்கொண்டு அந்தத் தளம் முழுக்கச் சுற்றினார்கள். இன்றும் அவர்கள் தோழிகள். கேட்டது பிளக்கைப் பற்றித்தான். ஆனால் அதற்கு முன்னால் இருந்த மூன்று வாரத் தலையசைப்பு இல்லையென்றால் அந்தப் பெண் இவரிடம் கேட்டிருக்கமாட்டார்.

சரி, ஆனால் நான் பேசினால் அவர்களுக்குப் பிடிக்குமா? இந்தச் சந்தேகம்தான் பலரை எழவிடாமல் உட்கார்த்தி வைக்கிறது. எரிக்கா பூத்பி, கஸ் கூனி, கில்லியன் சாண்ட்ஸ்ட்ரோம், மார்கரெட் கிளார்க் ஆகியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் முறை சந்திக்கிற இருவரைப் பேச வைத்து, பிறகு தனித்தனியாகக் கேட்டார்கள்: அவரை உங்களுக்கு எவ்வளவு பிடித்தது, உங்களை அவருக்கு எவ்வளவு பிடித்திருக்கும்? தன்னை மற்றவருக்குப் பிடித்திருக்கும் அளவை ஆட்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள். கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்தவர்களிடமும் இதைப் பார்த்தார்கள். அந்தத் தப்புக் கணக்கு அங்கே மாதக்கணக்கில் நீடித்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. நாம் உளறிய வாக்கியம் நம் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும். அவருக்கோ அவர் உளறியதுதான் ஒலித்துக்கொண்டிருக்கும்.

தனிமை இன்னொன்றையும் செய்கிறது, இது கொஞ்சம் கொடுமை. ஜான் கசியோப்போ பல ஆண்டுகள் தனிமையைப் பற்றி ஆராய்ந்தவர். பசியும் தாகமும் போலத் தனிமையும் உடல் தருகிற ஓர் அறிவிப்பு என்பது அவருடைய பார்வை. ஆனால் அது நீண்டால், மனம் எச்சரிக்கையாகிவிடும். அடுத்தவர் முகத்தில் புறக்கணிப்பைத் தேட ஆரம்பிக்கும். அவர் யோசனையில் முகத்தைச் சுளித்திருப்பார், நமக்கு அது நம்மைப் பார்த்துச் சுளித்ததாகப் படும். உடனே நாம் விலகுவோம். நாம் விலகியதைப் பார்த்து அவரும் விலகுவார். உங்கள் கடிதத்தில் “அவர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்” என்று ஒரு வரி இருந்தது. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இப்போது உங்கள் மனம் இருக்கும் நிலையில், அந்த ஒரு காட்சியை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். இன்னொரு முறை போய் உட்கார்ந்து பாருங்கள்.

நெருங்கிய நண்பர்கள் அமையும்வரை காத்திருக்கிற நாட்களை வெறுமையாக விடவும் தேவையில்லை. சாண்ட்ஸ்ட்ரோமும் எலிசபெத் டன்னும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் சிலரிடம் எண்ணும் கருவியைக் கொடுத்து, ஒரு நாளில் எத்தனை பேரோடு பேசுகிறார்கள் என்று ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு முறை அழுத்தச் சொன்னார்கள். வெறும் அறிமுகமானவர்களோடு வழக்கத்தைவிட அதிகம் பேசிய நாட்களில் அவர்களுடைய மனநிலை நன்றாக இருந்தது. காவலாளியோடு ஒரு வணக்கம், நகல் எடுக்கும் கடையில் நிற்கும்போது பின்னால் நிற்பவரோடு இரண்டு வார்த்தை, நூலகரிடம் ஒரு கேள்வி. இவற்றை நட்பு என்று சொல்ல முடியாதுதான். ஆனால் நாளைக் கொஞ்சம் லேசாக்கும், பேச்சுக்கு நாக்கையும் பழக்கும்.

எத்தனை பேர் வேண்டும் என்பதைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். உளவியலாளர் ராபின் டன்பரின் கணக்கில் மனிதர் ஒருவருக்கு மிக நெருக்கமான வட்டத்தில் இருப்பவர்கள் 5 பேர் அளவில்தான், அதில் குடும்பத்தாரும் அடக்கம்.

இனி அறைத் தோழர். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கல்லூரி உறவுகளில் அதிகம் கசந்துபோவது இதுதான், மிக எளிதாகச் சரியாவதும் இதுதான்.

ஒரு மாணவர் அறை மாற்றித் தரச் சொல்லி எழுதிய விண்ணப்பத்தோடு வந்தார். என்ன பிரச்சினை என்றேன். அறைத் தோழர் விடியற்காலை ஐந்து மணிக்கு அலாரம் வைக்கிறார், அது அடிக்கிறது, அணைக்கிறார், பத்து நிமிடம் கழித்து மறுபடி அடிக்கிறது. ஐந்தே முக்கால் வரை இதே கதை. இவரோ ஒரு மணிக்குத் தூங்குகிறவர். இரண்டு மாதமாகச் சொல்லவில்லை. முதலில் கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினார். அப்புறம் அறைக்குள் வந்ததும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டார். கடைசியில் தூங்க மட்டும் அறைக்குப் போனார். “அவர்கிட்ட சொன்னீங்களா?” என்று கேட்டேன். “இதைக்கூடச் சொல்லணுமா சார், அவனுக்கே தெரிய வேண்டாமா?” என்றார்.

இருவரும் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதினோம். நாலு முறை அடித்துத் திருத்தி, மிஞ்சியது இதுதான்: “காலையில உன் அலாரம் நாலஞ்சு தடவை அடிக்குது. நான் ஒரு மணிக்குத்தான் படுக்கிறேன், அதுல முழிச்சுட்டா மறுபடி தூக்கம் வரல. அதை வைப்ரேட்ல போட்டுத் தலையணைக்கு அடியில வெச்சுக்க முடியுமா?” முதலில் எழுதியதில் “உனக்கு அடுத்தவனைப் பத்திக் கவலையே கிடையாது” என்றொரு வரி இருந்தது. அதை அடித்தோம். “எப்பவுமே” என்ற சொல்லையும் அடித்தோம். நடந்தது என்ன, அதனால் தனக்கு என்ன ஆகிறது, என்ன செய்தால் போதும், இந்த மூன்று மட்டும். காலை ஐந்து மணிக்குச் சொல்ல வேண்டாம், சாயங்காலம் நடந்து போகும்போது சொல்லுங்கள் என்றேன். பக்கத்தில் நடக்கும்போது முகத்துக்கு நேரே பார்க்க வேண்டியதில்லை, அது பேச்சைச் சுலபமாக்கும்.

மறுநாள் அவரே வந்து சொன்னார். அறைத் தோழர் அப்படியே நின்றுவிட்டாராம். “அடப்பாவி, ரெண்டு மாசமாச் சொல்லவே இல்லையே. நீ வேற எதுக்கோ என் மேல கோவமா இருக்கேன்னு நெனச்சு நானே ஒதுங்கிப் போயிட்டிருந்தேன்.” அப்புறம், “சரி, அப்போ நீயும் அந்தப் பெரிய லைட்டைப் பன்னிரண்டு மணிக்கு அணைச்சுடு” என்றாராம். விண்ணப்பம் என் மேசையிலேயே கிடந்தது.

உங்கள் அறையில் பேச்சு குறைந்ததற்குக் காரணம் என்ன என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கே தெரியாமலும் இருக்கலாம். அப்படியென்றால் “கொஞ்ச நாளா நாம சரியாப் பேசறதில்லை, நான் ஏதாவது பண்ணிட்டேனா?” என்று கேளுங்கள். அவர் ஏதாவது சொன்னால், உடனே விளக்கம் கொடுக்காமல் முழுதாகக் கேளுங்கள். தப்பு உங்கள் பக்கம் இருந்தால் “நான் செஞ்சது தப்பு, இனி செய்யமாட்டேன்” என்று அதோடு நிறுத்துங்கள். “ஆனா நீயும்” என்று தொடங்கினால் மன்னிப்பு அங்கேயே செத்துவிடும்.

நட்பைக் காப்பாற்றுவது கஷ்டத்தில் கைகொடுப்பதுதான் என்று நாம் நம்புகிறோம். அது உண்மைதான். ஆனால் ஷெல்லி கேபிளின் ஆய்வுகள் இன்னொரு பக்கத்தைக் காட்டுகின்றன: நல்ல செய்தியை ஒருவர் சொல்லும்போது நாம் எப்படி எதிர்கொள்கிறோம் என்பதும் உறவின் நலத்தோடு நெருங்கிய தொடர்புள்ளது. “எனக்குப் பயிற்சி வேலை கிடைச்சிருக்கு” என்று நண்பர் சொல்கிறார். “ம், நல்லது” என்று போனைப் பார்த்தபடி சொல்லலாம். “அங்கே வேலை ரொம்ப இருக்குமாமே” என்று மண்ணள்ளிப் போடலாம். அல்லது போனைக் கீழே வைத்துவிட்டு, “எப்போ தெரிஞ்சுது? யார்கிட்ட முதல்ல சொன்னே?” என்று கேட்கலாம். கடைசிக் கேள்வியில் அவருக்கு அந்தச் சந்தோஷம் இன்னொரு முறை கிடைக்கிறது. நமக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைத்திருக்கும்போது இப்படிக் கேட்பது கடினம். மனதில் கொஞ்சம் வலித்தாலும் கேளுங்கள்.

தனிமையில் இருக்கும்போது ஓர் ஆபத்து உண்டு, யார் கை நீட்டினாலும் பிடித்துக்கொள்வோம். பாடக் குறிப்பு வேண்டும்போது மட்டும் வருகிறவர், வாங்கிய பணத்தைத் திருப்பித் தராதவர், கூட்டத்தில் உங்களை வைத்தே சிரிக்கிறவர். ஒரு நட்பு ஆரோக்கியமானதா என்று தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த மிக எளிய வழி, ஒரு சின்ன “முடியாது” சொல்லிப் பார்ப்பது. “இன்னைக்கு என்னால வர முடியல.” நல்ல நண்பர் “சரி, நாளைக்குப் பார்க்கலாம்” என்பார், அதோடு மறந்துவிடுவார். முகத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று நாள் பேசாமல் இருந்தால், கூட்டத்தில் குத்திக்காட்டினால், அந்த உறவில் உங்களுக்கு இருக்கிற இடம் என்ன என்பது தெரிந்துவிடும். குடி, புகை, ராகிங் போன்றவற்றுக்கு இழுக்கிற கூட்டத்துக்கும் இதே சோதனை போதும்.

காதலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் முதலாண்டில் தனிமையிலிருந்து நேராகக் காதலுக்குள் போய்விழுந்தவர்களைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன். அங்கேயும் அந்தச் சின்ன “முடியாது”தான் அளவுகோல். போன் பாஸ்வேர்டு கேட்பது, எங்கே இருக்கிறாய் என்று மணிக்கொரு முறை படம் அனுப்பச் சொல்வது, மற்ற நண்பர்களோடு பேசினால் சண்டை போடுவது, பிரிந்தால் செத்துவிடுவேன் என்று மிரட்டுவது, இவையெல்லாம் ஆரம்பத்தில் அன்பு போலவே இருக்கும். இவை கட்டுப்பாடு. தொடுவதானாலும் படம் எடுப்பதானாலும் சம்மதம் ஒவ்வொரு முறையும் வேண்டும். நேற்று சரி என்றவர் இன்று வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அமைதியாக இருப்பது சம்மதம் ஆகாது. காதல் வந்த பிறகு பழைய நண்பர்களை விட்டுவிடாதீர்கள். ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் எதிர்பார்த்தால் அவராலும் தாங்க முடியாது.

வீட்டுக்குப் போன் பேசும்போது “சாப்டியா, சாப்டேன்” என்பதோடு முடித்துவிடாமல், வாரத்தில் ஒரு முறையாவது உண்மையான ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். “இங்கே இன்னும் யாரோடும் ஒட்டல” என்று சொன்னால் அவர்கள் பயப்படுவார்கள் என்று நினைக்கிறீர்கள். சொல்லாமல் குரல் மட்டும் மாறும்போதுதான் அவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள்.

இதையெல்லாம் தாண்டிய ஒரு நிலையும் உண்டு. மனச்சோர்வோ எதிலும் ஆர்வமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் இருக்கிறது, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, வகுப்புக்கு எழுந்து போக முடியவில்லை என்றால் அதை வெறும் தனிமை என்று விட்டுவிடக் கூடாது. கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றினால் இரவு எத்தனை மணியானாலும் யாரையாவது எழுப்புங்கள், விடுதிக் காப்பாளரை, அறைத் தோழரை, வீட்டாரை. நண்பர் ஒருவர் அப்படிப் பேசினால், “தற்கொலை பண்ணிக்கலாம்னு தோணுதா?” என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் தேவையில்லை, ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. பெரும்பாலும் கேட்டவுடன் அழுதுவிடுவார்கள், சுமை கொஞ்சம் இறங்கும். அவரைத் தனியாக விடாமல் உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் கேட்டால் செய்யாதீர்கள்.

இப்போது அந்த ஆய்வக மேசைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த வரிதான். தம்பதிகளைப் பல ஆண்டுகள் கவனித்த ஜான் காட்மன், இப்படிப்பட்ட சின்னச் சின்ன அழைப்புகளைத்தான் எண்ணினார். ஒருவர் “ஜன்னலுக்கு வெளியே பார்” என்கிறார், மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா இல்லையா? ஆறு ஆண்டு கழித்தும் சேர்ந்திருந்த தம்பதிகள் இத்தகைய அழைப்புகளில் 86 விழுக்காட்டுக்குத் திரும்பியிருந்தார்கள், பிரிந்தவர்கள் 33 விழுக்காட்டுக்குத்தான். ரெக்கார்டு எழுதியாச்சா என்று வாரா வாரம் கேட்கிறவருக்கு உங்கள் ரெக்கார்டைப் பற்றி அப்படியென்ன கவலை? மூன்று மாதமாக ஒருவர் உங்களை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கிறார். ஒருவேளை அவரும் தனியாகத்தான் சாப்பிடப் போகிறாரோ என்னவோ. அடுத்த வாரம் கேட்கும்போது, “எழுதிட்டேன், ஆனா மூணாவது வரைபடம் சரியா வரல, உங்களுக்கு வந்துச்சா?” என்று கேளுங்கள். ஆய்வகம் முடிந்ததும் உடனே பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடாமல், அவரும் எடுத்து வைத்து முடிக்கும்வரை இரண்டு நிமிடம் நில்லுங்கள்.